நோகாத புண்: திருகோணமலை மாவட்டத்தில் ஒரு லீஷ்மேனியாசிஸ் நிகழ்வு

இது தோல் நோய் கிளினிக் ஒன்றுக்கு வந்த ஒருவரின் நிகழ்வு. அவருடைய சம்மதத்தோடு எழுதப்படுகிறது. ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறோம். ஊரில் வேலை செய்யும் வைத்தியர்கள், தாதியர்கள், பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் ஆகியோரை மனதில் வைத்துத்தான் எழுதினேன். உடலுக்குள் ஒரு ஒட்டுண்ணி எப்படி ஒளிந்து வாழ்கிறது என்று அறிய விரும்பும் மற்றவர்களும் வாசிக்கலாம்.

பின்னணி

நோயாளிக்கு 44 வயது. குச்சவெளிப் பக்கம், காட்டோரமாக வயலும், காடு வெட்டிப் பயிர் செய்யும் கொஞ்சம் சேனையும் ஒரு மாட்டுப் பட்டியும் வைத்திருக்கிறார். மாரிப் போக அறுவடை முடிந்ததும் மாடுகளை வயலுக்கு இறக்கி, ஓரத்தில் பட்டி அடைப்பது அங்கே வழமை. யானைக்கும் கள்ளனுக்கும் பயந்து இரவில் யாராவது ஒருவர் பட்டிக்குப் பக்கத்தில் கிடக்கவேண்டும். இவர் வீட்டில் அந்த வேலை இவருக்கும் இவருடைய மச்சானுக்கும். கிடுகு போட்ட ஒரு வாடி, மண் தரை, சாணி நெருப்பின் புகை. வெக்கைக் காலம் என்பதால் சாரத்தோடு, மேலுக்கு ஒன்றும் போடாமல்தான் படுப்பார்.

மணல் ஈ கடித்துப் பரப்பும் ஒட்டுண்ணி நோயான தோல் லீஷ்மேனியாசிஸ் இலங்கைக்குப் புதிதல்ல. உள்நாட்டிலேயே தொற்றிய முதல் நோயாளி பற்றிய அறிக்கை 1992இல் வந்தது. 2008இல் அது கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்ந்தது. அநுராதபுரம், பொலன்னறுவை, அம்பாந்தோட்டை, மாத்தறை என்று சொன்னால் எந்த வைத்தியருக்கும் உடனே அது நினைவுக்கு வரும். திருகோணமலை என்றால் அவ்வளவாக வராது. ஆனால் எங்கள் மாவட்டத்தின் மேற்கு எல்லை முழுக்க அநுராதபுரத்தோடும் பொலன்னறுவையோடும்தான் ஒட்டிக்கிடக்கிறது. காட்டுக்கும் மணல் ஈக்கும் மாவட்ட எல்லை தெரியாது.

இங்கே இந்த நோயை உண்டாக்குவது லீஷ்மேனியா டொனோவானி என்ற ஒட்டுண்ணி. இந்தியாவில் காலா அசார் என்ற, மண்ணீரலையும் ஈரலையும் தாக்கி ஆளைக் கொல்லும் நோய்க்குக் காரணமான அதே இனம். மதராஸ் அரச பொது மருத்துவமனையில் இருந்த சார்ள்ஸ் டொனோவனும், இலண்டனில் வில்லியம் லீஷ்மனும் 1903இல் தனித்தனியே இதை அறிவித்தார்கள். இருவர் பெயரையும் சேர்த்துப் பெயர் வைத்தவர் மலேரியாப் புகழ் ரொனால்ட் ரோஸ். இலங்கையில் சுற்றும் வகை பெரும்பாலும் தோலோடு நின்றுவிடுகிறது. உள்ளுறுப்புக்குப் போன நோயாளிகள் இங்கே மிகச் சிலர்தான்.

கிளினிக்குக்கு வருமுன்

ஆனி மாதமளவில் இடது முன்கையில், முழங்கைக்குக் கொஞ்சம் கீழே, ஒரு சிவந்த பரு. பூச்சிக் கடி என்று விட்டுவிட்டார். ஒரு மாதத்தில் அது கொட்டைப்பாக்கு அளவுக்கு வந்தது. தனியார் வைத்தியர் ஒருவர் சீழ்க்கட்டு என்று நினைத்து குளொக்சசிலின் என்ற அன்டிபயோட்டிக்கைக் கொடுத்தார். ஒரு மாற்றமும் இல்லை. அப்புறம் பார்மசியில் கேட்டு ஒரு ட்யூப் கிரீம் வாங்கினார். அதில் ஸ்டீரொயிட், பூஞ்சண மருந்து, அன்டிபயோட்டிக் மூன்றும் கலந்திருந்தன. இந்த வகைக் கிரீம் எங்கள் பகுதியில் எல்லாத் தோல் வருத்தத்துக்கும் முதல் மருந்து. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை வேறு பக்கம் போய்விடும்.

கிரீம் பூசிய முதல் இரண்டு வாரம் சிவப்பு குறைந்தது, பரு சற்றுத் தட்டையானது. "இது கேக்குது" என்று இன்னொரு ட்யூப். புரட்டாதிக்குள் நடுப்பகுதி உடைந்து புண்ணானது. பக்கத்தில் புதிதாக இரண்டு சின்னப் பருக்கள் கிளம்பின. அப்போதும் அவர் வரவில்லை. ஏன் என்று பின்னர் கேட்டபோது சொன்னார்: "கடியும் இல்லை, நோவும் இல்லை டொக்டர். நோகாத ஒண்டுக்கு ஏன் ஒரு நாள் கூலியை விடுவான்?"

அவரைக் கிளினிக்குக்கு அனுப்பியது புண் அல்ல, பயம். கிராமத்தில் யாரோ ஒருவர், நோகாத புண் என்றால் குஷ்டம் என்று சொல்லிவிட்டார். வீட்டில் அவருடைய கோப்பையும் பாயும் தனியானது. இரண்டாவது பிள்ளையைத் தூக்குவதை அவரே நிறுத்திக்கொண்டார். கார்த்திகையில் மனைவிதான் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வந்தார்.

கிளினிக்கில் கண்டது

முன்கைப் புண் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் அகலம். விளிம்பு தடித்து, உயர்ந்து, ஊதா கலந்த சிவப்பில் இருந்தது. நடுவில் பள்ளம், அதை மூடிக் காய்ந்த தடித்த பொருக்கு. அணைந்த எரிமலையின் வாய் மாதிரி என்று பாடப் புத்தகங்கள் சொல்வது சரிதான். விளிம்பை அழுத்தினால் கடினமாக இருந்தது, நோவு இல்லை. பொருக்கின் ஒரு ஓரத்தில் மட்டும் கொஞ்சம் சீழ். கூட இருந்த இரண்டு பருக்களும் 5 மில்லிமீட்டருக்குள், மேலே மெல்லிய செதில்.

குஷ்டப் பயம் இருந்ததால் அதை முதலில் பார்த்தோம். பஞ்சு நுனியால் தொட்டபோது புண்ணைச் சுற்றியும் பருக்களின் மேலும் உணர்வு முழுமையாக இருந்தது. முழங்கைக்குப் பின்னால் உள்ள நரம்பு தடித்திருக்கவில்லை. உடலில் வேறெங்கும் வெளிறிய தேமல் இல்லை. தொழுநோயில் தோல் உணர்வையே இழக்கும். இங்கே தோலுக்கு எல்லா உணர்வும் இருக்கிறது, புண் மட்டும்தான் நோகவில்லை. இந்த வித்தியாசத்தை மனைவியின் முன்னாலேயே, பஞ்சை அவர் கையில் கொடுத்துத் தொடச் சொல்லிக் காட்டினோம். அன்று நடந்ததில் குடும்பத்துக்கு மிகவும் பயன்பட்டது அதுதான் என்று நினைக்கிறேன்.

காய்ச்சல் இல்லை, நிறை குறையவில்லை, மண்ணீரல் கைக்கு அகப்படவில்லை, குருதிப் பரிசோதனை சாதாரணம். இரவில் எங்கே படுப்பீர்கள் என்று கேட்டதும் பட்டியும் வாடியும் கதைக்குள் வந்தன. அந்த இடத்திலேயே லீஷ்மேனியாசிஸ் எங்கள் பட்டியலின் மேலே ஏறியது. தோல் காசநோயும் ஆழமான பூஞ்சணத் தொற்றும் அதன் கீழே இருந்தன.

முதல் மாதிரியும் அதற்குப் பிந்திய முடிவும்

தோலைக் கீறி எடுத்த முதல் மாதிரியில் ஒட்டுண்ணி தெரியவில்லை. கண்ணாடித் தகடு முழுக்கக் குருதியும் சீழ்க் கலங்களும்தான்.

இங்கே மூன்று வழிகள் இருந்தன. தோற்றத்தையும் வாடிக் கதையையும் நம்பி மருந்தைத் தொடங்குவது ஒன்று. உடனே தோல் துண்டு வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்புவது இன்னொன்று. கிரீமை நிறுத்தி, மேலே ஏறியிருந்த பக்டீரியாத் தொற்றைத் துடைத்து, பொருக்கைக் களைந்து, மறுபடி விளிம்பில் மாதிரி எடுப்பது மூன்றாவது. மூன்றாவதைத் தேர்ந்தோம். தரப்போகும் மருந்து வாராவாரம் புண்ணுக்குள்ளே போடும் ஊசி. நோவு கூடியது, பல வாரம் இழுக்கும். நோயை உறுதி செய்யாமல் அதில் ஒருவரை இறக்கினால், நான்காவது வாரம் சுகம் இல்லாதபோது மருந்து பிழையா நோய் பிழையா என்று தெரியாமல் நிற்போம். வெட்டி அனுப்புவதை இரண்டாவது மாதிரியும் வெறுமையாக வந்தால் செய்யலாம் என்று வைத்துக்கொண்டோம்.

முதல் மாதிரி வெறுமை என்பதற்காக நோயைக் கழிக்காததற்கும் காரணம் உண்டு. மாதக்கணக்கான புண்ணில் ஒட்டுண்ணி குறைவு. நடுவில் இருப்பவை பெரும்பாலும் செத்த திசுவும் பக்டீரியாவும். உயிருள்ளவை விளிம்பின் உள்ளே, கலங்களுக்குள் இருக்கும்.

இரண்டு வாரம் கழித்து வந்தார். சீழ் போயிருந்தது. விளிம்பை இரு விரலால் இறுகப் பிடித்து, குருதி வெளிறியதும் சின்னதாகக் கீறி, பிளேட்டின் முதுகால் உட்சுவரைச் சுரண்டி, தகட்டில் மெல்லியதாகப் பூசினோம். விரல் பிடி தளர்ந்தால் குருதி வந்து எல்லாவற்றையும் மூடிவிடும். இந்த வேலையில் பாதி அந்தப் பிடிதான். கீம்சா நிறமூட்டி, எண்ணெய் வில்லையில் பார்த்தபோது, கிருமிகளை விழுங்கும் மேக்ரோபேஜ் என்ற கலம் ஒன்று ஊதிப்போயிருக்க, அதற்குள் நீள்வட்டமாகச் சிறு உருவங்கள் கூட்டமாக இருந்தன. ஒவ்வொன்றும் 2 முதல் 4 மைக்ரோமீட்டர், ஒரு சிவப்பணுவின் பாதி அளவு. ஒவ்வொன்றுக்குள்ளும் ஊதா நிறத்தில் ஒரு உருண்டைக் கரு, அதன் பக்கத்தில் இன்னும் அடர்ந்த நிறத்தில் ஒரு சின்னக் கோல். அந்தக் கோல்தான் கைனெட்டோபிளாஸ்ட். அது தெரிந்தால் மட்டுமே உறுதி. கரு மட்டும் தெரிந்து இதென்று முடிவெடுத்தால், உடைந்த கலத் துணுக்கு எதையும் லீஷ்மேனியா என்று சொல்லிவிடலாம்.

புண் ஏன் பேசாமல் இருந்தது

இந்த நிகழ்வில் ஐந்து மாதம் வீணானது ஒரே காரணத்தால்: புண் நோகவில்லை, எரியவில்லை, காய்ச்சல் தரவில்லை. அந்த அமைதி தற்செயல் அல்ல என்பதே என் கருத்து. ஒட்டுண்ணி உள்ளே செய்யும் வேலையின் வெளிப்பக்கம்தான் அது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கீழே வருவதில் பெரும்பகுதி எலிகளிலும் ஆய்வுகூடக் கலங்களிலும், பல வேளைகளில் லீஷ்மேனியா மேஜர் என்ற உறவுக்கார இனத்திலும் கண்டவை என்பதை நினைவில் வைத்து வாசிக்கவும்.

பெண் மணல் ஈ நுளம்பைப்போல ஊசி இறக்கிக் குருதி உறிஞ்சுவதில்லை. தோலை வெட்டி, ஊறும் குருதிக் குட்டையிலிருந்து குடிக்கிறது. ஒட்டுண்ணி வாலுள்ள வடிவில், ஈயின் எச்சிலோடும் தான் சுரந்த கூழோடும் அந்தக் குட்டைக்குள் விழுகிறது. அங்கே முதலில் எதிர்ப்படுவது குருதியில் உள்ள கொம்ப்ளிமென்ட் புரதங்கள். அந்நியப் பொருளின் மேல் ஒட்டி அதில் துளை போடுவது அவற்றின் வேலை. லீஷ்மேனியா தன் உடலின் மேல் நீண்ட சர்க்கரைக் கொழுப்புப் போர்வை ஒன்றை வைத்திருக்கிறது. துளை போடும் புரதக் கூட்டம் அந்தப் போர்வையைத் தாண்டிச் சவ்வில் இறங்க முடிவதில்லை. அதோடு ஜி.பி.63 என்ற நொதியால், தன்மேல் ஒட்டிய சி3பி என்ற கொம்ப்ளிமென்ட் புரதத்தை வேறு வடிவுக்கு வெட்டிவிடுகிறது. வெட்டப்பட்ட அந்த வடிவம் துளை போடும் வேலைக்கு உதவாது. ஆனால் விழுங்கும் கலங்கள் அதை ஒரு கைப்பிடியாகப் பிடித்து ஒட்டுண்ணியை உள்ளே இழுக்கும். வழமையாகக் கிருமியை விழுங்கும்போது அந்தக் கலங்கள் நச்சு ஒட்சிசனைக் கொட்டும். இந்தக் கைப்பிடி வழியாக விழுங்கும்போது அது பெரிதாக நடப்பதில்லை. தாக்க வந்த புரதத்தையே அது நுழைவுச் சீட்டாக்கிக்கொள்கிறது.

கலங்களில் முதலில் ஓடி வருபவை நியூட்ரோபில்கள் என்ற வெள்ளணுக்கள். 2008இல் வெளிவந்த எலி ஆய்வு ஒன்றில், மணல் ஈ கடித்த இடத்துக்கு அவை விரைந்து வந்து ஒட்டுண்ணிகளை விழுங்குவதை நுணுக்குக்காட்டியில் நேரடியாகப் பார்த்தார்கள். விழுங்கப்பட்டவற்றில் பல உயிரோடு இருந்தன. ஆச்சரியம் என்னவென்றால், நியூட்ரோபில்களை அகற்றிய எலிகளில் தொற்று குறைவாகவே நிலைத்தது. நியூட்ரோபிலின் ஆயுள் குறைவு. அது சாகும்போது மேக்ரோபேஜ் வந்து அதைத் துப்புரவு செய்யும். சொந்தக் கலம் ஒன்று அமைதியாகச் செத்தால் அதை விழுங்கும் மேக்ரோபேஜ் கூச்சல் போடாது, அக்கம்பக்கத்தையும் அடங்கச் சொல்லும். அந்தச் சந்தடியில்லாத வழியில் ஒட்டுண்ணியும் உள்ளே போகிறது.

போய்ச் சேரும் இடம் இன்னும் வியப்பு. டொக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி தனக்கென்று ஒரு பை கட்டி, கலத்தின் அமிலப் பைகள் அதோடு சேராதபடி பார்த்துக்கொள்ளும். தென்னமெரிக்காவின் டிரிபனோசோமா குரூசி பையை உடைத்துக்கொண்டு கலத்தின் சாற்றுக்குள் ஓடிவிடும். மலேரியா ஒட்டுண்ணி, எதிர்ப்புக் கலங்களுக்கு அடையாளம் காட்ட வழியே இல்லாத சிவப்பணுவைத் தேடிப் போகும். லீஷ்மேனியா அப்படி ஓடுவதில்லை. கிருமியைச் செரிக்கவென்றே கலம் வைத்திருக்கும் அமிலப் பையில் குடியிருக்கிறது. தொடக்கத்தில் தன் போர்வையால் அந்தப் பை முதிர்வதைத் தாமதப்படுத்தி, அந்த நேரத்தில் வாலை இழந்து, சின்ன உருண்டை வடிவத்துக்கு மாறுகிறது. மாறியபின் பி.எச். 5 அளவிலான அமிலம்தான் அதற்குத் தோதான சூழல். தகட்டில் நாங்கள் பார்த்தது இந்த வடிவத்தை.

குடியேறியபின் செய்வது வாயைக் கட்டுவது. மேக்ரோபேஜ் உதவி கேட்டு வெளியிடும் முக்கியச் செய்தி இன்டர்லூகின்-12. அது போனால்தான் டி கலங்கள் என்ற வெள்ளணுக்கள் இன்டர்ஃபெரொன் காமாவைத் தரும். அது வந்தால்தான் மேக்ரோபேஜ் நைட்ரிக் ஒட்சைட்டைத் தயாரித்து உள்ளே இருப்பதைக் கொல்லும். லீஷ்மேனியா புகுந்த மேக்ரோபேஜில் இன்டர்லூகின்-12 குறைகிறது, அடங்கச் சொல்லும் இன்டர்லூகின்-10 கூடுகிறது. இன்டர்ஃபெரொன் வந்து கதவைத் தட்டினாலும், எஸ்.எச்.பி.-1 என்ற உள்நொதியைத் தட்டியெழுப்பி, செய்தி கருவுக்குப் போகும் வழியை ஒட்டுண்ணி துண்டித்துவிடுகிறது.

இப்போது அந்த ட்யூப் கிரீமை நினைத்துப் பாருங்கள். ஸ்டீரொயிட் செய்வதும் ஏறக்குறைய இதே வேலை. அதுவும் அழற்சியை அடக்கும், இன்டர்லூகின்-12ஐக் குறைக்கும், மேக்ரோபேஜைத் தூங்கவைக்கும். ஒட்டுண்ணி உள்ளிருந்து அடக்க, கிரீம் வெளியிலிருந்து அடக்கியது. முதல் இரண்டு வாரம் சிவப்பு குறைந்ததும் அதன்பின் புண் பரந்ததும் ஒரே காரணத்தால் வந்தவை என்றுதான் நான் வாசிக்கிறேன். சிவப்பு குறைந்ததைக் கண்டு "கேக்குது" என்று அவர் நினைத்ததில் பிழை சொல்ல முடியாது. படித்தவர்களும் அப்படித்தான் நினைக்கிறோம்.

சிகிச்சை

பெரிய புண்ணுக்கு சோடியம் ஸ்டிபோகுளுக்கோனேட் என்ற அன்டிமனி மருந்து ஊசி, வாரம் ஒரு தடவை, விளிம்பைச் சுற்றித் தோல் வெளிறும்வரை. சின்னப் பருக்கள் இரண்டுக்கும் திரவ நைதரசன் வைத்து உறையவைப்பது. பெரிய புண்ணையும் உறையவைத்தால் என்ன என்று பேசினோம். மூட்டுக்குப் பக்கத்தில், 3 சென்டிமீட்டர் அகலத்தில், அவ்வளவு ஆழத்துக்கு உறையவைத்தால் தழும்பு இழுத்துக்கொள்ளலாம் என்பதால் வேண்டாம் என்று விட்டோம். அவர் அந்தக் கையால்தான் மண்வெட்டி பிடிக்கிறார்.

அஞ்சனம், அதாவது அன்டிமனி, இந்த நோய்க்குப் பழைய மருந்து. கல்கத்தாவில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி 1920களில் உருவாக்கிய யூரியா ஸ்டிபமைன்தான் வங்காளத்தில் காலா அசாரின் முதுகை முறித்தது. உடலுக்குள் போன அன்டிமனி வடிவம் மாறி, ஒட்டுண்ணி நச்சு ஒட்சிசனைச் சமாளிக்க வைத்திருக்கும் டிரிபனோதயோன் என்ற காப்பைக் கெடுக்கிறது. ஆனால் தனியே அது மட்டும் வேலையை முடிப்பதில்லை. எதிர்ப்புச் சக்தி படுத்துவிட்டவர்களில் அன்டிமனி சரியாகப் பலன் தருவதில்லை. அதனால் கிரீமை நிறுத்தியதையும் நாங்கள் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே எழுதினோம். மீதியிருந்த ட்யூபைக் கொண்டுவரச் சொல்லி வாங்கி வைத்தோம்.

ஊசி நோகும். நன்றாக நோகும். மூன்றாவது ஊசிக்குப் பிறகு அவர் வரவில்லை. தொலைபேசியில் கேட்டால் மழை, பாதையில் வெள்ளம், விதைப்பு என்றார். எல்லாம் உண்மைதான். ஆனால் மனைவி போனை வாங்கிச் சொன்னதும் உண்மை: "நோகாத புண்ணுக்கு இப்பிடி நோகிற மருந்தோ எண்டு கேக்கிறார் டொக்டர்." முதல் இரண்டு ஊசிக்குப் பின் புண் முன்பைவிடச் சிவந்து வீங்கியிருந்தது. கிரீம் பூசியபோது அழகாக அடங்கிய புண், ஊசி போட்டால் கோபப்படுகிறது. அவர் பக்கத்தில் இருந்து பார்த்தால் எங்கள் மருந்து நோயைக் கூட்டுகிறது.

இதற்கு இரண்டு ஏற்பாடு செய்தோம். ஊசிக்கு முன் மரக்கப் பண்ணும் கிரீம் தடவி, முக்கால் மணித்தியாலம் காத்திருக்க வைத்தோம். கிளினிக் நாளில் அது தாதிக்கு மேலதிக வேலை. அவர் சலிக்காமல் செய்தார். அடுத்தது, சிவப்பு ஏன் வருகிறது என்பதைச் சொன்னோம். "இவ்வளவு நாளும் உள்ளே இருந்தவன் உங்கள் காவல்காரனைத் தூங்கவைத்திருந்தான். இப்போது காவல்காரன் எழும்பியிருக்கிறான், கொஞ்சம் சத்தம் வரும்" என்று. பட்டிக் காவலுக்குப் போகிற ஆளுக்கு இது போதும். மருந்தின் எரிச்சலும் அந்தச் சிவப்பில் ஒரு பங்கு என்பதையும் மறைக்கவில்லை.

தைப்பொங்கலுக்குப் பின் ஒழுங்காக வரத் தொடங்கினார்.

வாடியும் பட்டியும்

நோய் உறுதியான அன்றே, நோயை அறிவிக்கும் 544 படிவம் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துக்குப் போனது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கிராமத்துக்குப் போனபோது மக்கள் சிரட்டையையும் டயரையும் பொறுக்கிச் சுத்தம் செய்து வைத்திருந்தார்களாம். டெங்கு பழக்கிவிட்ட பழக்கம். நல்ல பழக்கம்தான், ஆனால் இந்த ஈக்கு அது பொருந்தாது. பிளெபோடமஸ் அர்ஜென்டிப்பெஸ் என்ற இந்த மணல் ஈ தண்ணீரில் முட்டை இடுவதில்லை. ஈரமான மண் வெடிப்பு, சாணி கலந்த நிலம், உக்கிய இலைகுழை ஆகியவற்றில்தான் அது பெருகும். 2 அல்லது 3 மில்லிமீட்டர் நீளம், பறக்கும்போது சத்தம் இல்லை, தொலைவாகப் பறக்கவும் மாட்டாது. மாட்டுக் குருதியில் அதற்கு ஆசை கூட. பட்டிக்குப் பக்கத்தில் மண் தரையில் வெறும் மேலோடு படுக்கும் ஆள் அதன் வழியில் கிடக்கிறார்.

முன்பு மலேரியாவுக்காக வீட்டுச் சுவர்களில் மருந்து அடித்த காலத்தில் இந்த ஈயும் சேர்ந்து அடிபட்டிருக்கும். இந்தியாவில் அப்படித்தான் டீ.டீ.டீ. பூச்சிமருந்து அடித்த காலத்தில் காலா அசாரும் அடங்கியது, அடிப்பது நின்றபின் திரும்பி வந்தது. 2016இல் இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார அமைப்பு சான்று தந்தது. பெரிய சாதனை. ஆனால் அந்தத் தெளிப்பின் நிழலில் அடங்கியிருந்த மற்றப் பூச்சிகளை இனித் தனியாகத்தான் பார்க்கவேண்டும்.

பட்டிக் காவலை நிறுத்து என்று சொல்வதில் பயனில்லை. யானை வந்தால் யார் பார்ப்பது? படுக்கும் வாடியைப் பட்டியிலிருந்து முடிந்தளவு தள்ளிப் போடுவது, தரையில் இல்லாமல் பரணில் படுப்பது, பூச்சிமருந்து ஊறிய வலையைக் கட்டுவது, பொழுது பட்டதும் நீளக் கைச் சட்டை போடுவது ஆகியவற்றைப் பேசி ஒத்துக்கொண்டார்கள். சாதாரண வலையின் கண் வழியாக மணல் ஈ நுழைந்துவிடும் என்பதால் மருந்து ஊறியது அவசியம். வெக்கையில் நீளக் கைச் சட்டை எத்தனை நாள் நீடிக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம்தான்.

விளைவு

மாசி முடிவில் பெரிய புண் தட்டையாகி மூடியது. இடையில் விட்ட வாரங்களையும் சேர்த்தால் சிகிச்சை மூன்று மாதத்துக்கு மேல் போனது. சின்னப் பருக்கள் அதற்கு முன்பே மறைந்துவிட்டன. முழங்கை முழுதாக மடங்கி நீள்கிறது. வெளிறிய, சற்றுப் பள்ளமான தழும்பு நிலைக்கும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது தழும்பின் ஓரத்தில் புதுப் பரு எதுவும் இல்லை.

புண் ஆறியது ஒட்டுண்ணி முழுக்க ஒழிந்ததற்குச் சான்று அல்ல. ஆறிய தழும்பிலும் நிணநீர்க் கணுக்களிலும் சிறு எண்ணிக்கையில் அது ஆண்டுக்கணக்கில் தங்கலாம். எதிர்ப்புச் சக்தி விழிப்பாக இருக்கும்வரை அதனால் பெருக முடியாது. எச்.ஐ.வி., உறுப்பு மாற்றச் சிகிச்சை, நீண்ட காலம் விழுங்கும் ஸ்டீரொயிட் ஆகியவை அந்த விழிப்பைக் குலைக்கும். அதனால் அவருடைய கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில், ஒவ்வாமைகளை எழுதும் இடத்துக்குக் கீழே, சிவப்புப் பேனையால் ஒரு வரி எழுதினோம்: லீஷ்மேனியாசிஸ் சிகிச்சை பெற்றவர், ஸ்டீரொயிட் தொடங்கினால் தழும்பைப் பார்க்கவும்.

இனி மாற்றுவது

வெளிநோயாளர் பிரிவில் (ஓ.பி.டி.) ஒரு மாதத்துக்கு மேற்பட்ட எந்தத் தோல் புண்ணுக்கும் இரண்டு கேள்விகளைச் சேர்த்திருக்கிறோம். நோகிறதா? இரவில் எங்கே படுக்கிறீர்கள்? நோகவில்லை என்ற பதில் இதுவரை நோயாளியை வரிசையின் பின்னால் தள்ளியது. இப்போது அவரைத் தோல் கிளினிக்குக்கு அனுப்பும் காரணமாகிறது. ஸ்டீரொயிட் கிரீம் பூசியவரா என்பதையும் மாதிரி எடுக்குமுன் கேட்டு எழுதுகிறோம். முதல் மாதிரி வெறுமையாக வந்தால், பொருக்கைக் களைந்து விளிம்பில் இரண்டாவது எடுக்கும்வரை நோயைக் கழிப்பதில்லை. ஊசி தொடங்கும் நாளிலேயே, சிவந்து வீங்கும் என்பதை வீட்டாரையும் வைத்துச் சொல்கிறோம். மூன்றாவது ஊசிக்குப் பிறகு சொல்வது பிந்திப் போகிறது.

பார்மசிக் கிரீம்களைப் பற்றி ஒழுங்குமுறை தேவை என்பது என் எண்ணம். ஆனால் அது எங்கள் கிளினிக்கின் கையில் இல்லை. நாங்கள் செய்யக்கூடியது, பக்கத்துப் பார்மசிக்காரர்களோடு பேசி, ஒரே புண்ணுக்கு இரண்டாவது ட்யூப் கேட்டு வருபவரை எங்களிடம் அனுப்பச் சொல்வது. இருவர் சரி என்றிருக்கிறார்கள்.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கிராமத்தில் விசாரித்தபோது "புண் இருக்கா" என்று கேட்டால் எல்லோரும் இல்லை என்றார்கள். "நோகாத, கடிக்காத பரு ஏதும் இருக்கா" என்று மாற்றிக் கேட்டபோது மச்சான் காது மடலைத் திருப்பிக் காட்டினார். பட்டாணிக் கடலை அளவு, இரண்டு மாதமாக இருக்கிறது என்றார். விளிம்பில் எடுத்த முதல் மாதிரியிலேயே ஒட்டுண்ணி தெரிந்தது. கிரீம் எதுவும் பூசியிருக்கவில்லை. சில தடவை உறையவைத்ததோடு அது மறைந்துவிட்டது, ஊசி தேவைப்படவில்லை.